பென்னிகுவிக் குடும்பம்: ஒரு படை அதிகாரியின் மரபைத் தேடி



பிரிட்டிஷ் படை அதிகாரி ஒருவரின் குடும்ப வரலாற்றை எப்படித் தேடி எடுப்பது என்று பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். இதைப் பொதுவிதிகளாகச் சொல்லிக்கொண்டு போனால் எதுவும் மனத்தில் தங்காது. ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அதன் தடம் எந்தெந்தக் காகிதங்களில் கிடக்கிறது என்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். நான் எடுத்துக்கொண்ட பெயர் இந்த அரங்கில் யாருக்கும் புதியதல்ல. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்.

தேனி மாவட்டத்தில் பாலார்பட்டிக்காரர்கள் ஜனவரி 15ஆம் தேதி அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் சாமி படங்களின் வரிசையில் அவர் படமும் தொங்குகிறது. லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. இவ்வளவு அன்பு பெற்ற மனிதரின் தகப்பனார் யார், அவர் எங்கே இறந்தார், கூடப்பிறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. ஒரு வீட்டில் பெண் எடுப்பதென்றால் மூன்று தலைமுறை விசாரிக்கிற சமூகம் நாம். குலசாமியைப்போல வணங்குகிற ஒருவரின் தலைமுறையை விசாரிக்காமல் விட்டுவிட்டோம். அந்த வெற்றிடத்தில்தான் ஆதாரமில்லாத கதைகள் வந்து உட்கார்ந்தன.

குடும்ப வரலாறு தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'அந்த அதிகாரி யாருடைய படையில் இருந்தார்?' என்பது. 1858 வரை இந்தியாவில் இரண்டு வகைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் இருந்தார்கள். ஒரு சாரார் அரசரின் அல்லது அரசியின் படையைச் சேர்ந்தவர்கள். ரெஜிமென்ட்டோடு வந்து, சில ஆண்டுகள் இருந்து, வேறு நாட்டுக்குப் போவார்கள். இன்னொரு சாரார் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள, பம்பாய், சென்னைப் படைகளைச் சேர்ந்தவர்கள். வாழ்நாள் வேலையே இந்தியாவில்தான். முதல் வகையினரின் காகிதங்கள் லண்டனின் மேற்குப் பகுதியில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. இரண்டாம் வகையினரின் காகிதங்கள் லண்டன் செயின்ட் பான்கிராஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. இது தெரியாமல் தேடுகிறவர் தவறான கட்டடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். பென்னிகுவிக் குடும்பத்தில் தகப்பன் அரசியின் படைக்காரர், மகன் கம்பெனிப் படைக்குத் தேர்வானவர். ஒரே குடும்பத்துக்கு இரண்டு வாசல்களையும் தட்ட வேண்டும்.

தகப்பனாரிலிருந்து தொடங்குகிறேன். அவர் பெயரும் ஜான் பென்னிகுவிக்தான். எடின்பரோவுக்குத் தெற்கே பெனிகுக் என்றொரு ஊர் இருக்கிறது. இந்தக் குடும்பப் பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் ஊர்ப்பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக அந்த ஊரின் பழைய பிரபுக்களோடு இவரை முடிச்சுப் போடக்கூடாது. ஸ்காட்லாந்தின் பழைய திருச்சபைப் பதிவேடுகளில் இந்தப் பெயர் பல எழுத்து வடிவங்களில் வரும். ஒவ்வொரு தலைமுறையையும் ஒரு ஞானஸ்நானப் பதிவோ திருமணப் பதிவோ உயிலோ காட்டித்தான் மேலே ஏற வேண்டும்.

அரசியின் படை அதிகாரி ஒருவரின் பணி வாழ்க்கையை ஆண்டுவாரியாகக் காட்டுபவை அச்சிட்ட படைப் பட்டியல்கள். பதவி உயர்வும் இடமாற்றமும் 'லண்டன் கெஜட்' என்ற அரசிதழில் வெளிவந்தன. அந்தக் காலத்தில் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் பதவிகள் பெரும்பாலும் விலைக்கு வாங்கப்பட்டவை. 1871இல்தான் அந்த முறை ஒழிந்தது. ஆகவே ஒருவர் எந்தப் பதவியை விலை கொடுத்து வாங்கினார், எதைப் போரில் மேலிருந்தவர் இறந்ததால் விலையின்றிப் பெற்றார் என்று கெஜட்டில் குறித்திருப்பார்கள். குடும்பத்தின் பண நிலையை அறிய இதைவிட நல்ல சான்று அபூர்வம். இன்னொரு நல்ல சான்று 1829இல் எடுத்த கணக்கு. பணியிலிருந்த அதிகாரிகள் தங்கள் பணி விவரத்தோடு திருமணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள்கள் கியூவில் பாதுகாப்பாக இருக்கின்றன.

மூத்த பென்னிகுவிக் 17ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டில் இருந்தவர். 1839இல் ஆப்கானியப் போரில் கஜ்னி, கலாத் கோட்டைகளைப் பிடித்த படையில் இருந்தார். அந்தப் படையெடுப்பு முடிந்து ரெஜிமென்ட் பம்பாய் மாகாணத்துக்குத் திரும்பியிருந்த காலத்தில்தான், 1841 ஜனவரி 15 அன்று, புனேயில் அவருக்கும் மனைவி சாராவுக்கும் நம்முடைய பென்னிகுவிக் பிறந்தார். ஆங்கிலேய எஞ்சினியர் புனேயில் ஏன் பிறந்தார் என்று வியக்கத் தேவையில்லை. ரெஜிமென்ட் எங்கே முகாமிட்டதோ அங்கே பிள்ளைகள் பிறந்தார்கள். ரெஜிமென்ட் நகர்ந்த வழியை ஒரு தாளில் வரைந்து, பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்த ஊர்களை எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும். பம்பாய் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று தனித் தொகுதிகளாக அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1998இல் தொடங்கிய 'பிரிட்டிஷ் இந்தியாவில் குடும்பங்கள்' சங்கம் அவற்றின் அகரவரிசையில் பெரும்பகுதியை யாரும் இலவசமாகத் தேடும்படி செய்திருக்கிறது.

பின்னர் மூத்தவர் 24ஆம் ரெஜிமென்ட்டுக்கு மாறினார். இரண்டாம் சீக்கியப் போர் மூண்டது. 1849 ஜனவரி 13 அன்று, இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிற சிலியன்வாலா என்ற சிற்றூரின் அருகே, ஹியூ கஃப் பிரபுவின் படையும் ஷேர் சிங்கின் படையும் மோதின. பென்னிகுவிக் அன்று ஒரு பிரிகேடுக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்தில் பிரிகேடியர் என்பது ஒரு போருக்காகத் தரும் பொறுப்பு. நிலையான பதவியில் அவர் லெப்டினன்ட் கர்னல்தான். இந்த வேறுபாடு தெரியாதவர் படைப் பட்டியலில் 'பிரிகேடியர் பென்னிகுவிக்' என்று தேடினால் கிடைக்க மாட்டார்.

24ஆம் ரெஜிமென்ட் புதர்க்காட்டின் ஊடாக, துப்பாக்கியைச் சுடாமல், துப்பாக்கி முனை ஈட்டியை மட்டுமே நம்பிச் சீக்கியப் பீரங்கிகளை நோக்கி ஓடியது. பீரங்கி வரிசையை அடையவும் செய்தது. பக்கத்துப் பட்டாளங்களின் துணை உரிய நேரத்தில் சேரவில்லை. மூச்சிரைத்து நின்றவர்கள்மேல் குண்டுமழை பொழிந்தது. அந்த ஒரு ரெஜிமென்ட்டில் மட்டும் இறந்தோரும் காயமுற்றோரும் சேர்த்து ஐந்நூறுக்கு மேல். ரெஜிமென்ட்டை நடத்திச் சென்ற லெப்டினன்ட் கர்னல் புரூக்ஸ் விழுந்தார். பிரிகேடியர் பென்னிகுவிக்கும் விழுந்தார். அவருடைய மகன் அலெக்சாண்டர், வயது 17, அதே ரெஜிமென்ட்டில் என்சைன் என்ற கடைநிலை அதிகாரி. தகப்பனின் உடலை விட்டு அகல மறுத்து அதன்மேல் நின்று போராடி, சுடப்பட்டு, அந்த உடல்மீதே விழுந்தான் என்று அக்காலப் போர்க்குறிப்புகள் சொல்கின்றன.

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தகப்பனும் அண்ணனும் செத்தது 1849 ஜனவரி 13. நம் பென்னிகுவிக்குக்கு எட்டு வயது நிறைந்தது ஜனவரி 15. இந்தியாவிலிருந்து லண்டனுக்குத் தந்தி இல்லாத காலம். சிலியன்வாலாச் செய்தி லண்டனை எட்டியது மார்ச் மாதத் தொடக்கத்தில்தான். இரண்டு நாள் முன்னே தகப்பன் இறந்துவிட்டான் என்பது தெரியாமல் அந்தக் குழந்தை தன் பிறந்தநாளைக் கடந்திருக்க வேண்டும். பாலார்பட்டியில் பொங்கல் பொங்குகிற ஜனவரி 15க்குப் பின்னால் இப்படியொரு ஜனவரி 13 இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை நம் மேடைகளில் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். சீக்கியர்கள் தங்கள் நாட்டைக் காக்கப் போரிட்டார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அந்தப் போரில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பிள்ளையின் துக்கமும் உண்மைதான்.

போரில் இறந்த அதிகாரியின் குடும்பத்தைத் தேடுகிறவர் அவருடைய விதவையின் காகிதங்களைத் தேட வேண்டும். ஓய்வூதியம் கேட்ட விதவை தன் திருமணச் சான்றையும், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றுகளையும், கணவனுடைய மரணச் சான்றையும் போர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சான்றுகள் தனித் தொகுதியாகக் கியூவில் இருக்கின்றன. வீர வரலாற்றில் இடம்பெறாத மனைவியர் பெயர்களும், சின்ன வயதில் இறந்த குழந்தைகளின் பெயர்களும் அங்கேதான் அகப்படும். குடும்ப வரலாறு என்ற பெயரில் ஆண்களின் பதக்கப் பட்டியலை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்தத் தொகுதியைத் திறப்பதில்லை.

இனி மகன். செல்டனம் கல்லூரியில் படித்து, குராய்டனுக்கு அருகே ஆடிஸ்கோம் என்ற இடத்திலிருந்த கம்பெனியின் படைப்பள்ளியில் சேர்ந்தார். 1809இல் தொடங்கி 1861இல் மூடப்பட்ட பள்ளி அது. அங்கே தேர்ச்சியில் முன்னணியில் நின்றவர்களுக்கே எஞ்சினியர் பிரிவு கிடைக்கும். அங்கே சேர ஒரு கம்பெனி இயக்குநரின் பரிந்துரை வேண்டும். ஞானஸ்நானச் சான்றும், தகப்பனின் தொழில் விவரமும், படித்த பள்ளியின் சான்றும் வேண்டும். 'கேடட் பேப்பர்ஸ்' என்று அழைக்கப்படும் இந்த விண்ணப்பங்கள் 1860 வரைக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. கம்பெனி அதிகாரியின் மரபைத் தேட இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. சென்னை எஞ்சினியர் படையைச் சேர்ந்த வைபார்ட் என்பவர் ஆடிஸ்கோம் மாணவர்களைப் பற்றி 1894இல் ஒரு பெரிய நூலும் எழுதியிருக்கிறார்.

பென்னிகுவிக் 1858இல் சென்னை எஞ்சினியர் படையில் லெப்டினன்ட் ஆனார். இந்தியா வந்தது 1860இல். இடையிலுள்ள காலத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ஆடிஸ்கோம் முடித்த எஞ்சினியர்கள் சாத்தம் என்ற ஊரில் மேற்பயிற்சி பெற்ற பிறகே கப்பல் ஏறினார்கள். 1862இல் சென்னை எஞ்சினியர் படை ராயல் எஞ்சினியர்ஸோடு இணைந்தது. அன்றோடு அவர் கம்பெனி வாரிசு என்ற நிலை மாறி அரசியின் அதிகாரி ஆனார். 1867-68இல் அபிசீனியப் படையெடுப்பில் பணி செய்தார். அதன் பின்னர்தான் நமக்குத் தெரிந்த கதை வருகிறது: மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றைத் தடுத்துக் கிழக்கே வைகைப் பாசனத்துக்குத் திருப்பும் திட்டம், திருவிதாங்கூரோடு 1886 அக்டோபர் 29இல் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகை, 1887இல் தொடங்கிய வேலை, வெள்ளம் அடித்துச் சென்ற தடுப்புகள், 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு வந்து நடத்திய திறப்பு விழா. இவற்றை இந்த அவைக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1879இல் அவர் கிரேஸ் ஜார்ஜியானா சேமியரை மணந்தார். சென்னையில் நந்தனத்திலிருந்து அடையாறு பக்கம் போகிறவர்களுக்குச் சேமியர்ஸ் சாலை தெரியும். இப்போது அது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை. அந்தப் பழைய பெயர் சென்னை அரசின் உயர் அதிகாரியாக இருந்த ஹென்றி சேமியரால் வந்தது. கிரேஸின் தகப்பனார் லெப்டினன்ட் ஜெனரல் சேமியர், சென்னைப் பீரங்கிப்படையில் இருந்தவர். சென்னையோடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு கொண்ட குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. ஒரு திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களைப் படித்தாலே இந்த உறவு வலை விரியத் தொடங்கிவிடும். 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டு நூல் இந்த வலையைப் பிரித்துப் பார்க்கச் சிறந்த துணை.

பென்னிகுவிக்குக்கும் கிரேஸுக்கும் பெண்மக்களும் ஒரு மகனும் பிறந்தார்கள். மகன் ஜேம்ஸ் அலெக்சாண்டர் சார்லஸ். நடுவில் நிற்கும் பெயரைக் கவனியுங்கள். சிலியன்வாலாவில் விழுந்த பதினேழு வயதுப் பையனின் பெயர் அது. நம் வீடுகளில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல அவர்களும் இறந்தவர்களின் பெயர்களைப் பிள்ளைகளின் நடுப்பெயராக ஏந்தினார்கள். அந்த ஜேம்ஸும் ராயல் எஞ்சினியர்ஸில் சேர்ந்தார். முதல் உலகப்போரில், 1914 ஆகஸ்ட் இறுதியில், பிரான்சில் பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது, ஒய்ஸ் ஆற்றின்மேல் பொன்துவாஸ் பாலம் தகர்க்கப்படாமல் நின்றது. அதைத் தகர்க்க முதலில் போன மேஜர் கொல்லப்பட்டார். ஜேம்ஸ் பென்னிகுவிக்கும் ஃபிளின்ட் என்ற இன்னொரு லெப்டினன்ட்டும் மோட்டார் சைக்கிளில் போய் அந்தப் பாலத்தைத் தகர்த்தார்கள். டி.எஸ்.ஓ. என்ற படை விருது கிடைத்தது. பாட்டன், தகப்பன், மகன் என்று மூன்று தலைமுறை படை அதிகாரிகள். நம் பென்னிகுவிக்கின் தம்பி சார்லஸ் படைக்குப் போகாமல் இலங்கை அரசுப் பணியில் சேர்ந்து அரசுப் பொருளாளர் பதவிவரை உயர்ந்தார்.

பணி ஓய்வுக்குப் பின் பென்னிகுவிக் 1896 முதல் 1899 வரை கூப்பர்ஸ் ஹில் எஞ்சினியரிங் கல்லூரியின் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தணிக்க 1899இல் அறிக்கை தந்தார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் இறந்தார். கல்லறை ஃபிரிம்லி செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலை நிறுவியது.

இறந்த தேதி ஒன்றைச் சரியாக அறிந்திருந்தால் எத்தனை சண்டை தவிரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தபோது, அங்கே நின்ற பழைய கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று பெரிய விவாதம் எழுந்தது. அந்தக் கட்டட வேலை தொடங்கியதே அவர் இறந்த பிறகுதான் என்று அரசு ஆவணங்களைக் காட்டி விளக்கம் தந்தது. தகப்பனும் மகனும் ஒரே பெயர் கொண்டவர்கள் என்பதால் வரும் குழப்பம் இன்னும் பெரிது. தகப்பனின் பட்டத்தையும் போர்களையும் மகன்மேல் ஏற்றி எழுதிய தமிழ்க் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்தறிவது மரபாய்வின் முதல் பாடம்.

இப்போது எல்லோர் மனத்திலும் இருக்கிற கதைக்கு வருகிறேன். வெள்ளம் அணையை அடித்துப் போனதும் அரசு பணம் தர மறுத்தது, பென்னிகுவிக் இங்கிலாந்து போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று வந்து அணையைக் கட்டினார் என்று சொல்கிறோம். மேடைகளிலும் சொல்கிறோம், பாடமாகவும் சொல்கிறோம். பெரியாறு திட்டத்தின் வரலாற்றை, அவரோடு வேலை பார்த்த மெக்கன்சி என்ற எஞ்சினியர் 1899இல் நூலாக எழுதினார். பென்னிகுவிக்கே 1897இல் லண்டன் எஞ்சினியர்கள் அவையில் ஒரு விரிவான கட்டுரை வாசித்தார். இரண்டும் அணையைச் சென்னை அரசின் செலவில் நடந்த மராமத்துப் பணியாகவே விவரிக்கின்றன. சொத்து விற்றதற்கு ஒரு பத்திரமோ கடிதமோ கணக்கேடோ இதுவரை யாரும் காட்டியதில்லை. இருந்தால் தேட வழி இருக்கிறது: இங்கிலாந்தில் 1858க்குப் பின் நிறைவேற்றப்பட்ட ஒவ்வொரு உயிலுக்கும் அச்சிட்ட ஆண்டுப் பட்டியல் உண்டு, அவர் வழியிலும் சேமியர் வழியிலும் அதில் தேடலாம். கிடைக்கும்வரை இதைச் செவிவழிச் செய்தி என்றே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எட்டு வயதில் தகப்பனை இழந்து, விதவைத் தாயின் வளர்ப்பில் படித்து மேலே வந்தவர், காட்டுக் காய்ச்சலுக்கு நடுவே எட்டாண்டு நின்று முடித்த வேலை அது. அதற்கு நகை விற்ற கதை சேர்த்துத்தான் பெருமை வர வேண்டும் என்பதில்லை.

கடைசியாக ஒன்று. இந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையை நாம் இவ்வளவு தெளிவாகத் தேட முடிகிறதென்றால், அதற்குக் காரணம் ஒரு பேரரசு தன் அதிகாரிகளின் பிறப்பையும் இறப்பையும் மூன்று படி எடுத்து வைத்ததுதான். அதே அணையில் கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்கள் இருந்தார்கள். சென்னைப் பயோனியர் படையின் சிப்பாய்கள் இருந்தார்கள். மதுரைச் சீமையிலிருந்து மலையேறிப் போய்ச் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் சுமந்த ஆயிரக்கணக்கான கூலியாட்கள் இருந்தார்கள். நோயில் இறந்தோர் மட்டும் 483 பேர் என்று ஒரு கணக்கு சொல்கிறது. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவும் கேடட் விண்ணப்பமும் எந்த நூலகத்திலும் இல்லை. ஆனாலும் தேட இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இருக்கிறது. அங்கே அக்காலப் பொதுப்பணித்துறை நடவடிக்கைத் தொகுதிகள் இருக்கின்றன. கூலி, மருத்துவம், விபத்து பற்றிய கடிதங்களை அவற்றில் தேடலாம். பயோனியர் சிப்பாய்களுக்கு ஓய்வூதியக் காகிதங்கள் உண்டா என்று பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும், 'எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் டேம் வேலைக்குப் போனவர்' என்று சொல்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இங்கே இருக்கிற மாணவர்களில் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இருப்பீர்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தப் பெயர்களைக் கேளுங்கள். யார் போனார், எந்த ஊரிலிருந்து போனார், திரும்பினாரா என்பதை, சொன்னவரின் பெயரோடும் தேதியோடும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதில் ஒரு படியை உங்கள் துறை நூலகத்திலும், இன்னொன்றை மாவட்ட மைய நூலகத்திலும் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தப் பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி வைத்துத் தொகுக்க ஒரு சிறு திட்டம் தொடங்க வேண்டும் என்று அவைத் தலைவரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.